ஸ்டால் எவ்வளவு வேணும்?

தலை பூரா டை அப்பியிருக்கு, கழுத்தைச் சுத்திப் பழைய துண்டு, வீட்டுக்குப் பின்னால பொடக்காலியில பிளாஸ்டிக் ஸ்டூலைப் போட்டு உக்காந்திருக்கேன், எதுலயும் சாயக் கூடாது, எதையும் தொடக் கூடாது, காயற வரைக்கும் புடிச்சு வெச்ச புள்ளையாராட்டம் இப்படியே இருக்கோணும். இந்த நேரம் பாத்தா ஒருத்தி முடிவெடுக்கறது? மெக்கானிக் அமலன் காலங்காத்தால போனைப் போட்டு, "சாந்தாமணிக்கா, இன்னைக்கு மத்தியானத்துக்குள்ள ஆர்டர் சொல்லியாகணும், கன்வர்ட்டர் ஸ்டால் எவ்வளவு வேணும்னு ரோசிச்சு வைங்க"ன்னுட்டு வெச்சுட்டான். ஸ்டால். என்ன எழவு வார்த்தையோ, எங்க போனாலும் ஒரு வேசம் கட்டிக்கிட்டு வந்து நிக்குது. டீ ஸ்டால் தெரியும். பொருட்காட்சியில எங்க மாவுக் கம்பெனிக்கு ஒருக்கா ஸ்டால் எடுத்தோம், அதுவும் தெரியும். டிரைவிங் ஸ்கூல்ல நான் கிளட்சை விடறப்பெல்லாம் வண்டி ஒரு குலுக்குக் குலுக்கி அணையும், மாஸ்டர் உச்சுக் கொட்டிட்டு "ஸ்டால் பண்ணிட்டீங்க மேடம், மறுக்காவும் ஸ்டால்"ம்பாரு, அது ரொம்ப நல்லாவே தெரியும், காந்திபுரம் சிக்னல்ல பின்னால பஸ்ஸுக்காரன் ஆரன் அடிச்சு அடிச்சு என் உசுரை வாங்கினது இன்னும் காதுல கேக்குது. அதனால அமலன் மொதல் தடவை இதைக் கேட்டப்ப எனக்கு வந்துச்சே கோபம். "ஏன்டா, அணையக் கூடாதுன்னுதான ஆட்டோமேட்டிக் வண்டியே வாங்குனேன், அது எவ்வளவு அணையோணும்னு என்கிட்டயே கேக்கறயா"ன்னேன். சிங்காநல்லூர்ல ஷெட்டுப் போட்டு வேக வண்டிகளைப் பிரிச்சு மாட்டறவன் அவன், கையில ஸ்பேனரோட அப்படியே குத்தவெச்சு உக்காந்து சிரிச்சான். அப்புறம்தான் சொன்னான், இது அந்த ஸ்டால் இல்லக்கா, பிரேக்கை மிதிச்சுக்கிட்டே ஆக்சிலேட்டரையும் முழுசா அமுக்கினா வண்டி நகராம எஞ்சின் மட்டும் நிமிசத்துக்கு எத்தனை சுத்து வரைக்கும் ஏறி நிக்குதோ, அதுதான் இந்த ஸ்டால். அங்க அணையறதுக்குப் பேரு ஸ்டால், இங்க அணையாம முக்கிக்கிட்டு நிக்கறதுக்குப் பேரு ஸ்டால். வெள்ளைக்காரனுக்கு வேற வார்த்தையே கிடைக்கலையா?

காதோரம் அரிக்குது. தொட்டா விரல் கறுத்துப் போகும், ஏற்கனவே ரெண்டு விரல் போயாச்சு. அரிப்பை மறக்கோணும்னா வேற எதையாச்சும் நினைக்கோணும், எனக்கு இப்பெல்லாம் நினைக்கறதுக்கு அந்தக் குண்டான் ஒண்ணே போதும். குண்டான்னுதான் நான் சொல்லுவேன், ரெண்டு குண்டானை வாயோட வாய் வெச்சு வெல்டு வெச்சாப்ல இருக்கும் அந்த டார்க் கன்வர்ட்டர். எஞ்சினுக்கும் கியர் பாக்ஸுக்கும் நடுவுல உக்காந்திருக்கு. எஞ்சின் பக்கத்துக் குண்டான்ல ஒரு விசிறி, கியர் பக்கத்துல ஒரு விசிறி, உள்ள பூரா எண்ணெய். அவ்வளவுதான். ராடு கிடையாது, பெல்ட் கிடையாது, இது அதைத் தொடறதே கிடையாது. எண்ணெய் போய் மோதி மோதி ஒண்ணரை டன் வண்டியைத் தள்ளுதுன்னா நம்பற மாதிரியா இருக்கு? நானு நம்பலை. எங்க கம்பெனியில கிரைண்டர் பெல்ட் கொஞ்சம் லூசானாலே மோட்டார் பாட்டுக்குச் சுத்தும், கல்லு அப்படியே உக்காந்திருக்கும், உளுந்து பாதியில நிக்கும், பெல்ட்டே இல்லாம என்னத்தைச் சுத்தும்? "வீட்டுல ரெண்டு டேபிள் ஃபேன் இருந்தா எதிரும் புதிருமா வெச்சுப் பாருங்கக்கா"ன்னான் அமலன். அன்னைக்குப் பொழுதோடவே வெச்சேன். ஒண்ணுக்கு மட்டும் கரண்டு குடுத்தேன். அவரு, அதான் எங்க வீட்டுக்காரர் அர்த்தநாரி, நாற்காலியைப் பக்கத்துல இழுத்துப் போட்டுட்டு, சுத்தாத ஃபேன் மேல கையை வெச்சுக்கிட்டாரு. மொதல்ல ஒண்ணுமில்ல. அப்புறம் அசைஞ்சுச்சு. அப்புறம் தானா, கரண்டே இல்லாம, சோம்பேறித்தனமாச் சுத்த ஆரம்பிச்சுச்சு. "அட, சுத்துது புள்ள"ன்னாரு. எனக்கு அன்னைக்கு ராத்திரி சோறு எறங்கலை, அத்தனை ஆச்சரியம். ஆனா ஒண்ணு கவனிச்சேன், ரெண்டாவது ஃபேன் மொதல் ஃபேன் வேகத்தை ஒருநாளும் எட்டலை, எப்பவும் கொஞ்சம் பின்தங்கித்தான் சுத்துச்சு. அந்தக் கொஞ்சத்துக்குப் பேருதான் நழுவல். உடனே புருஷன் பொண்டாட்டின்னு உவமை சொல்ல வந்துராதீங்க, என் நாத்தனார் சொன்னாங்க, நான் எந்திரிச்சு உள்ள போயிட்டேன். எனக்கு அந்த நழுவல் நழுவலாத்தான் வேணும். ஏன் நழுவுது, நழுவினா அந்தச் சக்தி எங்க போகுது, சூடாப் போகுதுன்னா எண்ணெய் கருகாதா, கருகறதுக்கு முன்னால ஆத்தறதுக்கு என்ன வழி, இதெல்லாம் தெரியாம என்ன தூக்கம் வரும்?

இந்த நழுவலை வெச்சுத்தான் இப்ப முடிவு. எச்சா நழுவ விட்டா லூசு. கம்மியா நழுவ விட்டா டைட்டு. அமலன் பாசையில லூசுங்கறது கெட்ட வார்த்தையே இல்ல, நல்ல வார்த்தை. போன வாரம் அவன் அனுப்பின வாய்ஸ் மெசேஜை நான் சத்தமா வெச்சுட்டேன், "அக்கா, என்னையக் கேட்டா உங்களுக்கு லூசுதான் சரி, மாமாவை நினைச்சாத்தான் ரோசனையா இருக்கு"ன்னு கூடத்துல கேக்குது, இவரு பேப்பர் மேல இருந்து தலையைத் தூக்கி, "யாரைச் சொல்றான் லூசுன்னு? உன்னையா, என்னையா?"ன்னாரு. சிரிச்சுட்டோம். ஆனா அவன் சொன்னதுல இருந்த ரெண்டாவது பாதி சிரிப்புல போகலை. மாமாவை நினைச்சா. அதுதானே எல்லாம். லூசு போட்டா வண்டி ஏர்ஸ்ட்ரிப்புல, பழைய பிளேன் ஓடுபாதையில வெக்கற ரேஸுக்கு ஆகும், இவருக்கு ஆகாது. டைட்டு போட்டா இவருக்கு ஆகும், ஏர்ஸ்ட்ரிப்புக்கு ஆகாது. லூசா, மூவாயிரத்தி அறுநூறு சுத்துன்னு சொன்னா எஞ்சின் அத்தனை சுத்து ஏறினப்புறம்தான் முழு மூச்சா வண்டியைப் புடிச்சுத் தள்ளும், தள்ளுனா முதுகை சீட்டுல அறைஞ்சு தள்ளும், மத்த நேரம் டவுனுக்குள்ள உறுமிக்கிட்டே அசையாம நிக்கும், அப்புறம் திடுக்குனு பாயும். இப்ப இருக்கற டைட்டு, ரெண்டாயிரத்தி இருநூறு, எண்ணெய்ல வழுக்கினாப்ல போகும், மடியில பால் சொம்பு வெச்சிருந்தாலும் சிந்தாது. கண்ணு தெரியாத மனுசனுக்கு எது வேணும்னு எவளாச்சும் கேப்பாளா?

கண்ணு தெரியாததுன்னு சொன்னா அவருக்குப் புடிக்காது. "நேரா எல்லாம் தெரியுது, ஓரம்தான் இல்ல"ம்பாரு. கண்ணுல பிரஷர். சத்தமே போடாம ஓரத்துல இருந்து தின்னுக்கிட்டே வந்திருக்கு, கண்டுபுடிச்சப்ப நடுவுல மட்டும் ஒரு வட்டம் மிச்சம். பைப்பு வழியா பாக்கறாப்ல இருக்குதாம். டிராவல்ஸ் வண்டி ஓட்டுன மனுசன், வால்பாறைக் கொண்டை ஊசி வளைவெல்லாம் ஒத்தைக் கையில திருப்புனவரு, டாக்டர் "இனிமே ஸ்டியரிங் தொடக் கூடாது"ன்னதும் சாவியை எடுத்து மேசை மேல வெச்சுட்டாரு. வேனெல்லாம் குடுத்தாச்சு. அப்புறம் அவரேதான் ஒருநாள் இந்த வண்டியை விலை பேசி வெச்சிருந்தாரு, ரெண்டே கதவு, ஜப்பான்ல இருந்து வந்தது, மில்லுக்காரர் பையன் ஓட்டுனது, ஆட்டோமேட்டிக். "உனக்குக் கிளட்ச் வராது, இதுல கிளட்சே இல்ல. நீ ஓட்டு, நான் உக்காந்துக்கறேன்." அன்னைல இருந்து தெனமும் பொழுதோட, வெயில் தாழ, ஒரு ரவுண்டு, பேரூர் தாண்டி சிறுவாணி ரோட்டுல, மலை தெரியற வரைக்கும். நான் அத்தனை பதமா ஓட்டுவேன். ஸ்பீடு பிரேக்கர் வந்தா புள்ளையைத் தொட்டில்ல போடறாப்ல எறக்குவேன். அவரு ரெண்டு கையையும் தொடை மேல வெச்சுக்கிட்டு நேரா பாத்துக்கிட்டு வருவாரு. மொதல்ல எல்லாம் பேச்சு இருந்துச்சு, அவன் இண்டிகேட்டர் போடலை பாரு, இவன் லைட்டை டிப் பண்ணலை பாருன்னு. இப்பக் கொஞ்ச நாளாப் பேச்சே இல்ல. என்ன நினைக்கறாரு? கேட்டா "ஒண்ணுமில்ல"ம்பாரு. முந்தாநேத்து "இன்னைக்கு வேண்டாம் சாந்தா, நீ போயிட்டு வா"ன்னாரு. நேத்தும். எனக்குப் பொக்குனு போச்சு. வயிறு சரியில்லையாக்கும்னு நெனச்சுக்கிட்டேன். நெனச்சுக்கிட்டேன்னா, நெனைக்கப் பாத்தேன். நெசத்துல எனக்குள்ள ஓடுனது வேற. மிச்சம் இருக்கற வட்டமும் சுருங்குதோ? வெளிய வரவே பயப்படறாரோ? இப்படியே கூடத்து நாற்காலி, அப்புறம் கட்டில்னு ஆயிருவாரோ? அந்த ஒரு ரவுண்டும் போச்சுன்னா அந்த மனுசனை வீட்டை விட்டு வெளிய கூட்டிட்டு வர எனக்கு வேற என்ன வழி இருக்கு?

ஒரு காக்கா மதில் மேல வந்து உக்காந்து தலையைச் சாச்சு என் தலையைப் பாக்குது. என்னாங்கற? நானும் உன்னாட்டம் ஆகப் போறேன், போ. அதுக்குச் சொல்ற மாதிரி எனக்கே சொல்லிக்கறது இன்னொண்ணு இருக்கு. எனக்கு அந்த ஓட்டம் வேணும். வேணும்னா வேணும். தை மாசம் பழைய ஏர்ஸ்ட்ரிப்புல கால் மைல் ஓட்டம் வெக்கறாங்க, போன தடவை சும்மா வேடிக்கை பாக்கப் போயிட்டு, பேரு குடுத்து ஒருக்கா ஓடியும் பாத்தேன். பச்சை விளக்கு விழுந்துச்சு, அமுக்கினேன், எஞ்சினு "ம்ம்ம்"னு கொட்டாவி விட்டுச்சு. எங்க வண்டி டர்போ, எஞ்சினுக்குள்ள எச்சாக் காத்தை ஊதித் திணிக்கறது, முழிக்கறதே மூவாயிரத்தி ஐந்நூறு சுத்துக்கு மேலதான், அது முழிச்சு மூஞ்சி கழுவி வர்றதுக்குள்ள பக்கத்து வண்டி போயே போச்சு. ஆனா கடைசி நூறடி, அது எந்திரிச்சப்புறம் இருந்த அந்த நூறடி இருக்குதே, ஐயோ. நெஞ்சுல கையை வெச்சு யாரோ அழுத்தினாப்ல. அதுக்கப்புறம் எனக்கு ஒரே கேள்விதான், ஆரம்பத்துல இருந்தே அப்படி இருந்தா எப்படி இருக்கும்? ஜெயிக்கறதெல்லாம் அப்புறம். அம்பது வயசுப் பொம்பளைக்கு எதுக்குடி ரேஸுன்னு நாத்தனார் கேட்டாங்க. தெரிஞ்சுக்கறதுக்குத்தான். மாவு எப்பப் பொங்கும்னு தெரியும், உளுந்து எத்தனை நேரம் ஊறோணும்னு தெரியும், இந்த ஒண்ணு தெரியாமச் செத்துப் போகோணுமா? இப்படி நினைச்ச கையோடயே வெக்கமா இருக்கு. ஒரு பக்கம் கண்ணு போய்க்கிட்டிருக்கற மனுசன், ஒரு பக்கம் முதுகுல அறை வாங்க ஆசைப்படற பொண்டாட்டி. நடுவுல ரெண்டாயிரத்தி எண்ணூறுன்னு ஒண்ணு இருக்குதாம். கேட்டேன். "அது ரெண்டுங்கெட்டான்க்கா, டவுன்லயும் எரிச்சல், ரேஸ்லயும் எரிச்சல்"ன்னான் அமலன். ரேஸுக்கு ஒண்ணு, ரோட்டுக்கு ஒண்ணுன்னு மாத்தி மாத்திப் போடலாமான்னு கேட்டேன், ஒவ்வொரு தடவையும் கியர் பாக்ஸையே கீழ எறக்கோணுமாம். சட்டை மாத்தற வேலையா அது?

சரி, டைட்டுதான். வேற என்ன பெருசா ரோசிக்கறது? இருக்கறதே இருக்கட்டும், புதுசே வேண்டாம்னு சொல்லிரலாம். வண்டி வாங்குனதே அவருக்காக. தை மாசம் வரும் போகும். இப்படி முடிவு பண்ணினதும் மனசு லேசாகும்னு பாத்தேன், ஆகலை. பல்லுல கல்லு கடிச்சாப்ல இருக்கு. அவரு "வேண்டாம் சாந்தா"ன்னதுக்கும் இந்த முடிவுக்கும் என்னமோ ஒண்ணு ஒட்டலை. பதமா ஓட்டியும் வர மாட்டேங்கறாரே, அப்ப இன்னும் பதமா எப்படி ஓட்டறது? இதுக்கு மேல மெதுவாப் போனா மாட்டு வண்டிக்காரன் முந்திட்டுப் போவான். அவருகிட்டயே கேட்டா என்ன? கேக்கறதுக்குப் பயம். "எனக்கு இனிமே வெளிய வர முடியாது"ன்னு அவரு வாயால சொல்லிட்டா அப்புறம் நான் என்ன பண்ணுவேன்? எண்ணெய் எப்படிச் சுத்துதுன்னு கேக்கத் தெரிஞ்ச வாய்க்கு இதைக் கேக்கத் தெரியலை. பக்கத்து வீட்டுல குக்கர் விசில் அடிக்குது. நெத்தியில ஒரு சொட்டு டை எறங்குது, துண்டு நுனியில தொடைச்சேன், துண்டும் போச்சு.

உள்ள என் போன் அடிக்குது. அமலனாத்தான் இருக்கும். "ஏனுங்க, அதைக் கொஞ்சம் எடுங்களேன், என் கை பூரா டை"ன்னேன். அவரு கதவு நிலையைத் தடவிக்கிட்டு, ஒரு படி எறங்கி, போனை ஸ்பீக்கர்ல போட்டுக்கிட்டே பொடக்காலிக்கு வந்தாரு. "மாமா, அக்கா இல்லீங்களா?" "தலைக்கு மை பூசிட்டு உக்காந்திருக்கா. சொல்லு." "கன்வர்ட்டர் செய்யறவங்க கடைசியா ஒண்ணு கேக்கறாங்க மாமா. வண்டியில எப்பவும் எத்தனை பேரு போவாங்க, ஆளுங்க எடை சேத்துச் சொல்லோணுமாம். அதைப் பாத்துத்தான் உள்ள இருக்கற விசிறி இலைங்க சாய்வை வெப்பாங்களாம்." அவரு ரோசிக்கவே இல்ல. "ஒரே ஆளு"ன்னாரு. "அவ மட்டும்தான். லூசாவே போட்டுரு."

எந்திரிச்சுட்டேன். ஸ்டூல் பின்னால சாஞ்சு விழுந்துச்சு. "ஏனுங்க, அப்ப நீங்க?" "நான் இனிமே வரலை புள்ள." "வண்டி தூக்கிப் போடும்னு பயமா? சாமி சத்தியமா நான் லூசு போடலைங்க, டைட்டே வெச்சுக்கலாம், இன்னும் பைய ஓட்டறேன், எனக்கு அந்த ஓட்டமே வேண்டாம்." கத்திட்டேன், காக்கா பறந்து போச்சு. அவரு என் முகம் எங்கன்னு தேடி, அந்தச் சின்ன வட்டத்துக்குள்ள கொண்டாந்து நிறுத்தினாரு. "பைய ஓட்டறதுதான் சாந்தா பிரச்சனை. ஓரத்துல போற மரம், வீடு, கம்பம், ஒண்ணும் எனக்கு இல்ல. முன்னால ஒரு துண்டு ரோடு, அது நின்னபடிக்கு நிக்குது. நீ அலுங்காம ஓட்டறப்ப வண்டி போகுதா நிக்குதான்னே தெரியறதில்ல. கூடத்து நாற்காலியில உக்காந்தாப்லதான் இருக்கு. அதுக்கு நாற்காலியிலயே உக்காந்துக்கலாம்னுதான்." போனை மறு கைக்கு மாத்திக்கிட்டாரு. "ஒருநாள் லாரியை முந்தறதுக்கு ஒரு அமுக்கு அமுக்குன பாரு. முதுகு சீட்டுல போய் ஒட்டுச்சு. அட, போறோம்டான்னு இருந்துச்சு." எத்தனை மாசமா இப்படி, நானு பால் சொம்பு சிந்தக் கூடாதுன்னு ஓட்டிக்கிட்டிருந்திருக்கேன், பக்கத்துல ஒரு மனுசன் நிக்கற வண்டியில உக்காந்திருக்காரு. "இதை ஏனுங்க என்கிட்டச் சொல்லலை?"ன்னேன். "நீ அத்தனை ஆசையா மெதுவா ஓட்டிட்டு வந்த"ன்னாரு, "எப்படிச் சொல்றது?" போன்ல அமலன் "ஹலோ மாமா, ஹலோ, இருக்கீங்களா"ங்கறான். அவரு கையில இருந்து போனை வாங்கினேன். "அமலா, மூவாயிரத்தி அறுநூறு போடு"ன்னேன், "ரெண்டு ஆளு."